வண்டி நிற்கும் இடம்

இன்னும் ஐந்து வாரத்துக்குச் சூரியன் வராது.
மாலை ஆறு மணி என்பதைக்
கடிகாரம் சொல்லித்தான் நம்புகிறோம்.

ஃபின்மார்க் கரையில்
துறைமுகத்துக்கு மேலே தீயணைப்பு நிலையம்.
நூலகத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்ததிலிருந்து
எங்கள் யோகக் குழுவுக்கு இதுதான் இடம்.
வண்டியை வாசலோரம் நகர்த்திவிட்டு
பின்சக்கரங்களுக்கும் சுவருக்கும் நடுவில்
பதினோரு பாய்கள்.
டீசல் வாடை. ஈரக் கம்பளி வாடை.
கூடவே ஒரு கடல் வாடை,
அது நானாக இருக்கலாம்.
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து நேரே வருகிறேன்.

பயிற்சி நடத்துபவள் தோருன்.
நகராட்சியில் வரிக்கணக்கு எழுதுகிறாள்.
"தப்பாகச் செய்தால் அபராதம் கிடையாது" என்பாள்
ஒவ்வொரு செவ்வாயும்.
ஒவ்வொரு செவ்வாயும் சிரித்துவைப்போம்.

முதலில் உடம்பு.
நாய் மாதிரி குனி, பாம்பு மாதிரி எழு,
மரம் மாதிரி நில்.
எங்கள் தீவில் காற்று எந்த மரத்தையும்
முழங்காலுக்கு மேல் விட்டதில்லை.
ஒற்றைக் காலில் தள்ளாடும் பதினோரு பேர்,
இங்கே தோப்பு என்றால் இவ்வளவுதான்.

பிறகு உட்காருவது.
மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணு,
தவறினால் திரும்ப ஒன்று.
நான் நான்கில் தவறுவேன். எப்போதும் நான்கு.
பெட்டிக்கு நான்கு நண்டு, பதினெட்டு வருஷமாக.
நான்கு ஆனதும் கை மூடியைத் தேடுகிறது.
"தேடுகிறது என்று தெரிந்ததில்லையா, அது போதும்"
என்றாள் தோருன்.
போதுமா, எனக்குத் தெரியவில்லை.
ஆனால் இத்தனை வருஷத்தில்
என் கையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அன்றைக்கு வெண்கலக் கிண்ணம் ஒலித்து
அதன் கடைசி இழை அறுவதற்குள்
மூன்று இடுப்புகளில் கருவி அலறியது.
ஹால்கெய்ர், சுன்னிவா, ஐலெர்ட்.
மடக்கிய கால் மரத்துப்போய்
நொண்டிக்கொண்டே பூட்ஸுக்குள் பாய்ந்தான் ஐலெர்ட்.
கதவு உருண்டு மேலேறியது.
வண்டி போனது.
அது நின்ற இடத்துக்குள்
கடல் வந்து நின்றது: இருட்டு, உப்பு, பனித்தூள்.

பேச வேண்டும்போல் எல்லோருக்கும் இருந்தது.
எங்கே? யார் வீடு? நான் அடுப்பை நிறுத்தினேனா?
தோருன் போய்க் கதவை இறக்கினாள்,
வந்து உட்கார்ந்தாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

நடுவில் மூன்று காலிப் பாய்கள்.
குதிகால் அழுந்திய பள்ளம்
மெல்ல மெல்ல மேலெழுந்து சமமாவதைக்
கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று. சுன்னிவாவுக்கு முழங்கால் சரியில்லை.
இரண்டு. ஐலெர்ட்டின் கையுறை இங்கேயே கிடக்கிறது.
மூன்று. காற்று வடமேற்கு. கீழ்த்தெருவில் எல்லாம் மர வீடு.
நான்கு.
ஐந்து.
கை மடியிலேயே இருந்தது.

முக்கால் மணி நேரம்.
கால் குத்தியது, எரிந்தது, பிறகு
யாருடைய கால் என்றே தெரியவில்லை.
பத்து வந்ததா?
வந்து போயிருக்கலாம்.

கதவு மறுபடி உருண்டது.
"ரோஸ்விக்கின் படகுக் கொட்டகை.
அணைத்துவிட்டோம்" என்றாள் சுன்னிவா.
புருவத்தில் பனி, பனிமேல் கரி.
"கொட்டகையைவிட
ரோஸ்விக்கை அணைக்கத்தான் நேரமானது"
என்றான் ஹால்கெய்ர்.
"படகுக்கு அவர் மனைவியின் பெயர்."

தோருன் கடிகாரத்தைப் பார்த்தாள்.
எங்களுக்குக் கொடுத்த நேரம் எப்போதோ முடிந்திருந்தது.
"சவாசனம் மட்டும் பாக்கி."
கனத்த சட்டையோடு, பூட்ஸோடு,
மூவரும் தங்கள் பாயில் அப்படியே மல்லாந்தார்கள்.
செத்ததுபோல் கிட என்பது பாடம்.
யாரோ இருமினார்கள்.
புகை என் மூச்சோடு உள்ளே வந்தது,
வெளியே போனது,
எல்லாமே போகவில்லை.

பாய் சுருட்டும்போது பார்த்தால்
ஐலெர்ட் தூங்கிவிட்டிருந்தான்,
சரியாக வண்டி நிற்கும் இடத்தில்.
எழுப்பலாமா என்று
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
தொட்டித் தண்ணீர் உறைந்துவிடாதபடி
எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு
வெளியே வண்டி காத்திருந்தது.