நீரிணை நடுவே மூன்றாம் சுற்று

பொர்வெனீர் போகும் படகில் இரண்டு மணி நேரப் பயணம்.
அதில் ஒன்றே கால் மணி நேரமாய்
டாங்கோவுக்கும் எனக்கும் சண்டை,
ஒரு சண்டை விளையாட்டைப் பற்றி.

வரியில்லாக் கடையில் போன வாரம் வாங்கினானாம்.
சோப்புப் பெட்டி அளவுதான்.
அதற்குள் ‘சாம்பல் வளையம்’ முழுசாய் இருக்கிறதாம்.
முழுசு என்றானே, அங்கேதான் பிடித்துக்கொண்டேன்.

ஆறு பொத்தான் எங்கே? நாலுதானே இருக்கு.
“நடுக்குத்துக்கு ரெண்டை ஒண்ணா அழுத்து, யாஸ்னா.”
அப்ப அது குத்தில்லை,
குத்துக்கு விண்ணப்பம்.

மீன்காரி ஓல்கா ஆளைத் தூக்கியெறிய
கைப்பிடியை அரைவட்டம் இழுக்க வேண்டும்.
மணிக்கட்டில் கிளம்பித் தோள்வரை ஏறும் அந்த இழுப்பு.
இதில் கட்டைவிரல்
எறும்பை நசுக்குவதுபோல் ஏதோ செய்கிறது.

அப்புறம் துறைமுகக் காட்சி.
பின்னால் பதினோரு பேர் நின்று பார்ப்பார்கள்,
எண்ணியிருக்கிறேன்.
இதில் மூன்று பேர். மூவரும் இமைக்கக்கூட இல்லை.
ஜெயித்தால் தொப்பியைத் தவறவிடும் அந்தக் குண்டு மனிதன்
வரவேயில்லை.
“சண்டையைப் பார்ப்பியா, சனத்தைப் பார்ப்பியா?”
தொப்பி விழாத பிறகுதான்
நான் தோற்றதையே நம்புவேன்.
அதை இவனிடம் எப்படிச் சொல்ல?

படகு ஒரு பக்கம் சாய்ந்தது.
கீழ்த்தளத்தில் ஆடுகள் ஒரே குரலில் கத்தின.

டாங்கோ முகத்தை நிமிர்த்தாமல் சொன்னான்:
“நண்டு ஆலையில ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு.
கையுறை கழட்ட ரெண்டு நிமிஷம்,
விரல்ல உணர்ச்சி திரும்ப ரெண்டு.
மிச்சம் ஆறு.
உன் பெரிய பெட்டி
அந்த ஆறு நிமிஷத்துக்கு என்னைத் தேடி வருமா?”

நல்ல கேள்விதான்.
நல்ல கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது.
ஆறு நிமிஷத்துக்கு ஆறு பொத்தான் வேண்டாமா, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
விரல்களில் நண்டு முள் குத்திய இடமெல்லாம்
கருநீலப் புள்ளிகள்.

சரி, கடைசியாய் ஒன்று, என்றேன்.
பெரிய பெட்டி முன்னால் நின்றால்
உன் முழங்கை என் விலாவில் இருக்கும்.
நீ மூச்சைப் பிடித்தால் பாயப்போகிறாய் என்று எனக்குத் தெரியும்.
இதில் எதிராளிக்கு மூச்சு எங்கே?

அடுத்த மேசையில் ஆட்டு லாரி ஓட்டும் நிபால்டோ,
முகத்தின் மேல் கிடந்த செய்தித்தாளை விலக்காமலே சொன்னார்:
“ஒரு பெட்டி, நாலு கை.
ஆளுக்குப் பாதியாப் பிடிச்சுத் தொலைங்க.
நான் தூங்கணும்.”

பிடித்தோம்.
திசை அவன் இடக்கையில்,
பொத்தான்கள் என் வலக்கையில்,
நடுவே ஓல்கா, யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல்.
முதல் சுற்றில் அவன் குனிந்தபோது நான் குதிக்கச் சொன்னேன்.
தோற்றோம்.
“நீ முந்துறே.” நீ பிந்துறே.
இரண்டாவதில் அவன் மூச்சைப் பிடித்தான்.
என் விலாவில் அது இடித்தது.
யோசிக்காமல் அழுத்தினேன்.
பாதி அவன் வளைத்த அரைவட்டம்,
பாதி என் குத்து:
எதிராளி திரைக்கு வெளியே போய் விழுந்தான்.
நிபால்டோ செய்தித்தாளை விலக்கினார்.

மூன்றாம் சுற்று.
இரண்டு பக்கமும் உயிர் ஒரு நூலளவு.
ஓல்கா கையை ஓங்கினாள்,
அவனும் ஓங்கினான்,
குளிருக்கு பேட்டரி செத்தது.

கறுத்த திரையில் எங்கள் இரண்டு தாடைகள்.
“ஜெயிச்சிட்டோம்,” என்றான்.
அவன் கை முதலில் இறங்கியது, பார்த்தேன், என்றேன்.
“எப்படி? தொப்பிக்காரன் சொன்னானா?”

கயிறு கட்டுகிறார்கள். ஆடுகள் இறங்குகின்றன.
காற்று காதைப் பிய்க்கும் இந்தத் துறையில்
கத்தினால்தான் கேட்கும்.
கத்திக்கொண்டே போகிறோம்.