ஏழாவது முத்திரை

பத்து முத்திரை சேர்ந்தால் ஒரு குவளை இலவசம்.
என் அட்டையில் ஆறு.
சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு
தலவாக்கலையில் முதல் பஸ் ஏறுகிறேன்,
பைக்குள் லொப்பு,
மூச்சு விடட்டும் என்று
சிப்பை நாலு விரல் திறந்துவிட்டு.

லொப்பு ஒரு தவளை.
மழைக்குப் பயந்த தவளை.
மஞ்சள் குடை ஒன்றைத் தொப்பியாய்த் தைத்துப் போட்டிருக்கும்.
நாற்பத்திரண்டு பாகமும் பார்த்தாயிற்று,
பதினேழாவதை மட்டும் இருபது தடவை.
அதில் அது குளத்தைக் கண்டு மயங்கி விழும்.

இருபத்தொன்பது வயசு உனக்கு, என்கிறாள் டிலுக்ஷனா,
போட்டோகொப்பிக் கடையில் என்னோடு நிற்பவள்.
ஆமாம். அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது.
நாளெல்லாம் பிறர் அட்டைகளை
முன்னும் பின்னும் நகலெடுக்கிறேன்.
ஒருவரும் அதில் சிரிப்பதில்லை.

நுவரெலியாவில் சீசன்.
வாவியில் அன்னப் படகுகள் ஒன்றையொன்று இடிக்கின்றன.
மட்டக்குதிரை ஒன்று கொழும்புக் கார் வரிசையை மறித்து
நிதானமாய்ச் சாணி போடுகிறது.
ஸ்ட்ரோபெரி விற்பவனுக்கும் கம்பளிக் கடைக்கும் நடுவில்
அந்தப் பச்சைக் கதவு.
தள்ளினால் மணி அடிக்காது,
க்ரொக் என்று ஒரு சத்தம்.
ஏழாவது தடவையும்
வயிற்றுக்குள் ஏதோ குதித்தது.

நுரையில் குடை வரைந்த கோப்பி.
தவளைக் கண் வைத்த பணிஸ்;
கண்களைக் கடைசியாகத்தான் தின்பேன், அது ஒரு மரியாதை.
விலை, அம்மாவின் முழுப் பேர் ஒன்று.
கணக்குத் தெரியாமலில்லை.
தெரிந்துதான் குடிக்கிறேன்,
அடியில் ஒட்டிய நுரையைக் கரண்டியால் வழித்து.

இரண்டு மணிக்கு முற்றத்தில்
லொப்பு வந்தது. என்னைவிட ஒரு முழம் உயரம்.
வரிசையில் பதினொரு பிள்ளைகள், பிறகு நான்.
ஒன்பதாவது பிள்ளை கட்டிப்பிடித்திருக்கையில்
மழை கொட்டியது.
தவளை ஓடியது!
எல்லாரும் கைதட்டினார்கள்,
என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று.

கேஸ் சிலிண்டர்கள் அடுக்கிய பின்பக்கத் தாழ்வாரத்தில்
நானும் ஒதுங்கினேன்.
நுரைப்பஞ்சு முதுகுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"அக்கா, சிப் இறுகிட்டு. கொஞ்சம் இழுத்து விடுங்க,
மூச்சு முட்டுது."

கண்ணை மூடிக்கொண்டேன்.
தடவித் தடவி முதுகெலும்பில் பல்லைப் பிடித்து
இழுத்தேன். சூடாய் ஒரு காற்று,
வியர்வை, சித்தாலேப வாசம்.
தண்ணீர்ப் போத்தல் நெளிகிற சத்தம்,
மடக், மடக்.

எந்தத் தோட்டம், என்று
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.
எங்களில் ஒருவரைக் கண்டால்
முதலில் கேட்பது அதுதானே.
விழுங்கினேன்.
கேட்டால் ஒரு லயத்து நம்பர் வரும்,
இன்னாருடைய மகன் என்று வரும்,
லொப்புவுக்குத் தோட்டம் கிடையாது.

"கண்ணத் தொறங்க அக்கா, பரவால்ல."
"வேணாம். தலையப் போட்டுட்டுச் சொல்லுங்க."
சிரித்தது யாரோ, இளம் பல்லோடு.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது.
"போட்டாச்சு."

திறந்தேன்.
மஞ்சள் குடை ஒருபக்கம் சரிந்திருந்தது,
நேராக்கிவிட்டேன்.
தகரத்தில் விழுந்த துளிகளைப் பார்த்து
உடம்பெல்லாம் நடுங்கியது அது.
நடிப்போ, குளிரோ.
படம் எடுக்க மறந்துபோனேன்.

காசு மேசையில் செவ்வந்தி,
இரண்டு மொழியிலும் பூவாகிய பெண்,
ஏழாவது முத்திரையைக் குத்தினாள்.
மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது.
இன்னொன்று குத்தட்டுமா என்று பார்த்தாள்.
வேண்டாம் என்று தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் நானு ஓயா தாண்டியும் மழை.
ஜன்னல் பக்கத்து இருக்கையில் லொப்புவை வைத்து
ஷட்டரை இறக்கிவிட்டிருந்தேன்.
கண்டக்டர் வந்து நின்றார்.
"தவளைக்கும் டிக்கட்டா?"
ஒரு கணம் உண்மையாகவே யோசித்து
எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.