சேனல் நூற்றிருபது

உத்தரவாத அட்டையில் இன்னும் என் பெயரை எழுதவில்லை,
அதற்குள் ஏழு முறை அறுந்துவிட்டது.

பழைய லேப்டாப்புக்கு மூடியில் விரிசல்,
ஒரு எழுத்தின் விசை எங்கோ விழுந்துபோயிற்று,
ஆனாலும் இணைப்பை ஒருநாளும் கைவிட்டதில்லை.
புதியது மெல்லிசு. விலை இரண்டு மாத வாடகை.
அதன் திரையில் உல்திஸின் முகம்
வாய் திறந்தபடி உறைந்துபோகிறது.

என் தம்பி அயர்லாந்தில், காளான் பண்ணையில்.
ஞாயிறு இரவு பேசுவோம்.
இங்கே லியெபாயாவில் கடற்காற்று ஜன்னலை உலுக்க,
அங்கே அவனுக்குப் பின்னால் யாரோ பூட்ஸ் கழுவ,
பேச்சு சுற்றிச் சுற்றி
அப்பாவின் கராஜில் வந்து நிற்கும்.
விற்பதா, விற்றால் யாருக்கு எவ்வளவு,
கூரைக்குத் தார் பூசிய பணம் யார் கணக்கில்.
சரியாக அந்த இடத்தில்
வட்டம் சுற்றும். சுற்றும். சுற்றும்.

"நீதானே வைத்தாய், விஸ்மா?" என்று எழுதுவான்.
"நீதானே?" என்று நான்.

வைஃபையை மறக்கச் சொல்லி, மறுபடி நினைவூட்டினேன்.
டிரைவரைப் புதுப்பித்தேன். பழையதற்கே திருப்பினேன்.
மின்சிக்கனம் என்ற பெயரில் அட்டையைத் தூங்கவைக்கும்
சின்னக் கட்டத்தில் இருந்த குறியை எடுத்தேன்.
ரவுட்டரை மீன்தொட்டிக்குப் பின்னாலிருந்து
அலமாரியின் உச்சிக்கு ஏற்றினேன்
(தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடுமாம்;
மீன்கள் மூன்றும் ஒன்றும் அறியாதவைபோல் நீந்தின).
மைக்ரோவேவைப் பிடுங்கிவைத்து
ஒரு வாரம் ஆறிய சூப் குடித்தேன்.
கம்பெனியிலிருந்து அர்வில்ஸ் வந்தான், ஷூவைக் கழற்றாமல்.
"லைனில் குறையில்லை, லேப்டாப் கடையில் கேளுங்கள்."
கடையில், "லைன்காரனைக் கேளுங்கள்."
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் கடைசியில், தூக்கம் வராத ஒரு இரவு,
ரவுட்டரின் முதுகிலிருந்த ஸ்டிக்கரை டார்ச்சடித்துப் படித்து
கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்தேன்.
நிகழ்வுப் பதிவேடு. வரிசையாகத் தேதிகள்.
சேனல் 120: ரேடார் கேட்டது. விலகல்.
சேனல் 120: பத்து நிமிடம் கவனிப்பு.
சேனல் 120: யாருமில்லை. திரும்புதல்.

மழை எங்கே என்று தேடும் ஏதோ ஒரு கோபுரம்
இதே அலையில்தான் வானத்தைத் துழாவுகிறது.
அதன் குரல் கேட்டால் வீட்டு ரவுட்டர்
ஆம்புலன்ஸைக் கண்ட வண்டிபோல
ஓரம் கட்டவேண்டும். சட்டம்.
பழைய லேப்டாப்புக்கு இந்த அலை எட்டியதே இல்லை;
கீழே நெரிசலான சந்திலேயே ஓடிப் பழகியது.
அப்படியென்றால் கெட்டுப்போனது எதுவுமில்லை.
நான் கடைக்காரனைத் திட்டியது மட்டும் மிச்சம்.

சேனலை நாற்பத்துநான்குக்கு மாற்றினேன்.
இரண்டு நிமிட வேலை.
பிறகு சும்மா இருக்க முடியாமல்
பதிவேட்டை எங்கள் சண்டைகளோடு ஒத்துப் பார்த்தேன்.
பிப்ரவரி ஒன்று, எட்டே கால்: ரேடார்.
பதினைந்து, "நீ எப்பவுமே" என்று அவன் தொடங்கியபோது: ரேடார்.
இருபத்திரண்டு, நான் அழப்போன சமயம்: ரேடார்.
மார்ச் எட்டு, ஒன்பது மணி இரண்டு நிமிடம்,
அப்பாவின் அடக்கத்துக்கு வரவே
டிக்கெட் விலை பார்த்தவன்தானே நீ
என்று நான் சொல்லி முடித்த நொடி:
ஒன்றுமில்லை.
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
அன்றிரவு முழுக்க சேனல் 120-இல்
யாரும் குறுக்கிடவில்லை.

ஞாயிறு. முகம் உறையவில்லை.
தாடையில் சவரம் தவறிய இடம்கூடத் தெரிகிறது.
ரேடார் கதையைச் சொன்னேன். சிரித்தான்.
கொஞ்சம் கழித்து, கேமராவைப் பார்க்காமல்,
"எல்லா முறையுமா?" என்றான்.

"எல்லா முறையும்," என்றேன்.

வட்டம் சுற்றவில்லை.
அவனுக்குப் பின்னால் யாரோ பூட்ஸ் கழுவுகிற சத்தம்
ஒரு சொட்டு விடாமல்
வந்துகொண்டே இருந்தது.