கொடி நாடு

கப்பலின் பின்புறத்தில் செயின்ட் ஜான்ஸ் என்று எழுதியிருக்கிறதாம்.
அருளப்பர் பெயரில் ஊர்.
சந்தியாகு அங்கே கால்வைத்ததில்லை,
கப்பலும்கூடப் போனதில்லை.

ஏழு மாதச் சம்பளத்துக்கு மனு எழுதி
தங்கச்சிமடம் தபாலாபீசில் நீட்டினேன்.
"ஆன்டிகுவாவா? எந்த மாநிலம்?"
நாடு சார்.
ரெண்டு தீவு, லட்சம் சனம் இருக்கும்,
பாராளுமன்றத்தில் பதினேழு நாற்காலி,
ராசா மட்டும் லண்டனில்.
கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து
பிடித்துவந்தவர்களின் பேரன்பேத்திகள்.
ஆறு கிடையாது. மழையும் பாதிநாள் ஏமாற்றும்.
"அப்போ ராம்நாடுன்னு சொல்லுங்க"
என்று முத்திரை குத்தினார்.

சிரித்துவிட்டேன்.
வெளியே வந்ததும் வயிறு கலங்கியது.
பதினேழு பேரில் ஒருவர் வீட்டிலாவது
கடலுக்குப் போனவனுக்குச் சோறு மூடிவைத்திருக்கும்.
அவருக்குத்தான் எழுதியிருக்கிறேன்:
ஐயா, அல்லது அம்மா,
உங்கள் கொடி காற்றில் கிழிந்துவிட்டதாம்.
என் வீட்டுக்காரர்தான்
வலைநூலால் தைத்து ஏற்றுகிறார்.