எட்டரை மணிக்குப் பிறந்த பாலன்

செலினுக்கு இந்த வருஷம்
இருபத்துநாலாம் தேதி இரவுப் பணி.
எல்லைப்பிள்ளைச்சாவடி மகப்பேறு வார்டில்
சீட்டுக் குலுக்கியதில் அவள் பேர் வந்தது.
கிளம்புமுன் ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டினாள்:
கேழ்வரகுப் புல் ஜன்னலோரம், சிரட்டையில்.
நட்சத்திரத்துக்கு மாற்று பல்பு டிராயரில்.
பாலன் அரிசி டப்பாவுக்குள்.
பன்னிரண்டுக்கு முன்னால் எடுக்கக் கூடாது.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

நான் இந்தப் பண்டிகைக்கு மருமகனாக வந்தவன்.
மார்கழி என்றால் எனக்கு
விடியுமுன் அலறும் ஒலிபெருக்கி,
தொன்னை பொத்துக் கையைச் சுடும் வெண்பொங்கல்.
தாளைக் கசக்கினால் மலை வரும் என்பதே
முப்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

அமலிக்கு ஆறு. எல்லாம் தெரியும்.
கபிலனுக்கு மூன்றரை. எல்லாம் வேண்டும்.

நெல்லித்தோப்பில் மூன்று நாளாய் மழை.
ஈர வைக்கோலை
இஸ்திரிப் பெட்டி வைத்துக் காயவைத்தோம்.
வீடெல்லாம் மாட்டுக்கொட்டகை வாடை.
“இதான் கரெக்ட் வாசனை” என்றாள் அமலி,
பெத்லகேமில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி.

எருதுக்குக் கொம்பு போயிருந்தது.
அதற்குப் பதில் கபிலன் ஜேசிபியை நிறுத்தினான்.
அதற்கும் கொம்பு உண்டாம், ஒன்றுதானாம்.
மூன்று ராஜாக்கள் டிவி ஸ்டாண்டில் காத்திருந்தார்கள்;
ஆறாம் தேதிதான் வந்து சேர்வார்களாம்,
நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினால் போதுமாம்.
சூசையப்பரை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையில் பிடித்தபடி நின்றேன்.
இவருக்கு என்ன வசனம் என்று கேட்டேன்.
“அவரு ஒண்ணும் பேச மாட்டாருப்பா.
லாந்தர் பிடிப்பாரு.”

அதற்குள் பசி.
டப்பாவில் ஆழாக்கை விட்டு அள்ளினேன்,
கொட்டினேன், குழாயைத் திறந்து களைந்தேன்.
மூன்றாம் தண்ணீரில்
என் விரலை ஒரு விரல் தொட்டது.

கன்னத்துச் சிவப்பு கொஞ்சம் கரைந்து
அரிசித் தண்ணீர் லேசாய் ரோஸ்.
சமையலறை வாசலில் இரண்டு பேர்.
கபிலன் வாயைத் திறந்துவிட்டு
அழலாமா என்று அக்காவைப் பார்த்தான்.
அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டரை.
விரல் விட்டு எண்ணினாள்.
“மூணரை மணி நேரம் முன்னாடியே.
அப்பா, இது குறைமாசம்.”

அதன்பின் நான் வெறும் எடுபிடி.
துண்டு வேண்டாம், பஞ்சு.
எவர்சில்வர் வேண்டாம், கண்ணாடி.
ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன்.
எலுமிச்சை வாசம் போகாத வெளிச்சத்தில்
பாலன் மல்லாந்து படுத்தார்,
மேலே கழுத்தை வளைத்து என் மேசை விளக்கு.
“மூடி போடாத, மூச்சு விடணும்.”
“தொடாத. கை கழுவினியா?”
அம்மாவின் குரலில் அமலி அதட்ட
மூன்று தரம் சோப்பு போட்டு வந்தான் கபிலன்,
மரியாளையும் கழுவி எடுத்துக்கொண்டு.

ஃப்ரிட்ஜ் தாளில் யாரோ
பன்னிரண்டை அடித்து எட்டரை என்று எழுதியிருந்தார்கள்.
ட மட்டும் திரும்பி நின்றது.

மாதா கோயில் மணி அடித்தபோது
இரண்டும் பாயில் குறுக்கும் நெடுக்குமாய்.
எழுப்பச் சொல்லியிருந்தார்கள். எழுப்பினேன்.
கண்ணைத் திறக்காமலே கபிலன்:
“வெயிட் ஏறிச்சா?”
ஏறிச்சு என்றேன்.
எத்தனை கிராம் என்று நான் யோசிப்பதற்குள்
தூங்கிவிட்டான்.
குடிலுக்கு மாற்றிவிடவா என்றேன் அமலியிடம்.
“டாக்டர் சொல்லணும்.”

விளக்கை அணைக்கலாமா கூடாதா,
அது தாளில் இல்லை.
பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
வெளியே நட்சத்திரத்தின் பல்பு ஒருதரம் மினுங்கிச் செத்தது.
எழுந்து போகவில்லை.

ஏழே காலுக்குச் செலின் வந்தாள்,
மழைக்கோட்டோடு,
எதிர்வீட்டுக் கோலம் பாதி ஒட்டிய செருப்போடு.
ராத்திரி ஏழு குழந்தை.
நாலு பெண், மூணு ஆண்.
கட்டில் பத்தாமல் ஒருத்தியை நடையில் படுக்க வைத்தோம் என்றாள்.
பிறகுதான் குடிலைப் பார்த்தாள்.
ஜேசிபி. ஈரம் காயாத மரியாள். ஊறுகாய் பாட்டில்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் குனிந்து
புறங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள்,
விளக்கை நாலு விரல் தள்ளி வைத்தாள்.