இணைப்பு ஆறு

சுற்றறிக்கை திங்கட்கிழமை வந்தது.
உள்ளூர் ஓவியர்களின் படங்களை
மூன்று மாதம் நம் சுவர்களில் மாட்டி வைக்க வேண்டும்.
ஆணியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் அலுவலகச் சுவர்
பழைய சுண்ணாம்பு.
ஆணி இறங்கும், நிற்காது.
பொதுப்பணித் துறைக்கு எழுதினோம்.
பதில் வருவதற்குள் அலுவலக உதவியாளர் முனாஃப்
காலண்டர் தொங்கிய இடம்,
கடிகாரம் செத்த இடம்,
லஞ்சம் குற்றம் என்ற பலகை விழுந்த இடம்
எல்லாம் சுற்றி வந்து
"நல்ல ஆணி பதினொண்ணு இருக்கு சார்" என்றார்.
அப்படித்தான் பதினொரு படங்கள் தேர்வாயின.

ஷேர் ஆட்டோவில் வந்தார்கள் வரைந்தவர்கள்.
ஒருவன் படத்தை லுங்கியில் சுற்றியிருந்தான்.
காசிமேட்டு ஐஸ் ஃபாக்டரியில் கணக்கு எழுதும் பெலிசிட்டா
மழைக்குப் பயந்து
தன் துப்பட்டாவைப் படத்துக்குக் கொடுத்திருந்தாள்.
இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன்:
படம், சட்டத்துடன், ஒன்று.
படம், சட்டமின்றி, ஒன்று.
மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுத?
"கோடு போட்டுடுங்க" என்றார் துணை வட்டாட்சியர்.
போட்டேன், அளவுகோல் வைத்து.

ஒரு மாதம் யாரும் பார்க்கவில்லை.
படங்களின் கீழ் நின்று டோக்கனைத்தான் பார்த்தார்கள்.

ஏழாவது படம் டோக்கன் இயந்திரத்துக்கு மேலே.
கால்வாய்க் கரையில் ஒரு தகரக் கதவு, பச்சை.
அதில் யாரோ சாக்கட்டியால் குறித்த பால் கணக்கு,
கோடு கோடாக.
மேலே சிவப்பு வட்டத்துக்குள் 112,
இடிக்கும் முன் அளக்க வந்தவர்கள் போட்ட எண்.

பெரும்பாக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி
பூஷணம் வந்தது ஐந்தாவது முறை.
புருஷன் இறந்த வீட்டுக்கு ஆதாரம் கேட்டிருந்தோம்.
வீடு இல்லை. தெரு இல்லை.
அந்தக் கதவு எண்ணைக் கணினி ஒப்புக்கொள்ளவில்லை.
டோக்கன் நாற்பத்து மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு
நிமிர்ந்து பார்த்தவள் சொன்னாள்:
"இது என் கையெழுத்து."

நான் எழுந்து போகவில்லை.
இப்படி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள்.
"பதினேழாந்தேதி பால் வாங்கல சார்.
அன்னிக்கி அவர ஸ்டான்லில சேத்தோம்.
எண்ணிப் பாரு."

எண்ணினேன்.
பதினாறு கோடுகள். ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை.
பிறகு மறுபடியும் கோடுகள்.

எதிர்க் கடையில் பத்து ரூபாய்க்குக் கலர் பிரிண்ட் எடுத்து வந்தாள்.
மனுவோடு கோத்தேன்,
பக்க எண் இட்டேன்,
இணைப்பு ஆறு என்று எழுதிச் சுருக்கொப்பமும் வைத்தேன்.
வைத்த பிறகுதான் கை கொஞ்சம் வியர்த்தது.

கோப்பு மேலே போய் மூன்று நாள்.
சந்தேகமான எதையும் அரைமணியில் திருப்புகிற மனிதர்.
நான்காம் நாள் மதியம்,
ஒரு கையில் டிபன் டப்பா,
கண்ணாடி நெற்றியில்,
ஏழாவது படத்தின் முன் நின்று
துணை வட்டாட்சியர் உதடசைய எண்ணிக்கொண்டிருந்தார்.
இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர் என்று நினைத்து
ஒரு பையன் கேட்டான்,
"அண்ணே, அம்பத்தாறு எப்ப வரும்?"
"வரும்பா" என்றார், திரும்பாமல்.

மாலை கோப்பு இறங்கியது.
ஏற்க என்றும் இல்லை, நிராகரிக்க என்றும் இல்லை.
ஓரத்தில் ஒரே ஒரு சொல்: பேசுக.
எங்கள் மொழியில் அதற்கு
கோப்போடு என் மேசைக்கு வா என்று பொருள்.

போனேன்.
பேனாவை மூடி வைத்திருந்தார்.
மின்விசிறிக்கு இணைப்பு ஆறு படபடத்தது,
டப்பாவைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.
"அந்தப் பதினேழு..." என்று தொடங்கி
உட்காரச் சொன்னார்.