லைட்டுப் பையன்

கேசட்டைத் திறந்தால் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை,
மறந்துபோன ஊறுகாய் ஜாடியில் பூத்த மாதிரி.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, விரலால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி
சிம்மக்கல் மாடிக் கடையில் ஒரு மதியம் முழுக்கத் துடைத்தேன்.

மூன்று மணி நேரக் கேசட் கம்ப்யூட்டருக்குள் போக
மூன்று மணி நேரம் ஆகும்.
அவசரப்படுகிறவர்களிடம்,
கல்யாணம் நடந்த வேகத்தில்தான் ஓடும் என்பேன்.

தமயந்தி பைக்காராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.
மஞ்சள் துணிப்பை, அதற்குள் பாலிதீன், அதற்குள் இது.
"எங்கப்பா வர்ற எடமெல்லாம் வேணும்.
அந்தாளு வர்ற எடம் ஒண்ணும் வேண்டாம்."
அவ்வளவுதான் சொன்னார். அட்வான்ஸ் இருநூறு.

ஓடவிட்டேன்.
மூலையில் தேதி 1990 ஜனவரி ஒன்று, மணி பன்னிரண்டு.
நடந்தது தொண்ணூற்றாறில்;
கேமராவுக்கு யாரும் கடிகாரம் வைத்ததில்லை.
பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது:
வில்லாபுரம் மண்டபம். எடுத்தது பவளராஜ் அண்ணன்.
லைட் பிடித்தது நான்.
பதினாறு வயது, ஆயிரம் வாட்ஸ்,
முகூர்த்தத்துக்கு முப்பது ரூபாய், கடைசிப் பந்தியில் ஓர் இலை.

வெளிச்சம் நடுங்கும் இடமெல்லாம்
எனக்குக் கை வலித்த இடம்.

ரோஜாப்பூ விரிந்து மாப்பிள்ளை வருவதை எடுப்பது சுலபம்.
இதயத்துக்குள் சுற்றும் இரண்டு முகத்தில் ஒன்றை மறைப்பதும்.
பந்தியில் ஒரு முழங்கை மிஞ்சியது,
பக்கத்து இலையை நகலெடுத்து மேலே போர்த்தினேன்.
தாரை வார்க்கும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.
அப்பா கை, மகள் கை, அந்தாள் கை,
மூன்றையும் நனைத்துக்கொண்டு ஒரே தண்ணீர்.
எங்கே கோடு போட்டாலும் அப்பாவின் விரல் போகிறது.
கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தேன்.
வந்தும் அப்படியேதான் இருந்தது.

ராத்திரி, சாஃப்ட்வேர் தானாக ஒரு கேள்வி கேட்டது:
காலி இடம் ஒன்று இருக்கிறது, அழிக்கலாமா?
வரவேற்பில், இருபத்திரண்டாம் நிமிடம்,
நாற்பத்தேழு விநாடி வெறும் கருப்பு.
மிக்சிங்கில் இதை எப்படி விட்டாரோ, தூங்கிப்போயிருப்பார்.
ஹெட்போன் மாட்டியது பழக்க தோஷம்.

கீபோர்டு சாகிறது. தபேலா தெரியாமல் இரண்டு தட்டு கூடுதலாய்.
ஒரு குழந்தை. ஏதோ எவர்சில்வர் உருள்கிறது.
"டேய் லைட்டு, என்னடா பண்ணித் தொலைச்ச?"
"ஃபியூஸ் போயிருச்சுண்ணே."
பாதி உடைந்த குரல், என்னுடையது.
மூன்று மணி நேரத்தில் நான் இருக்கும் ஒரே இடம்.
கேமரா மட்டும் பேட்டரியில் ஓடியிருக்கிறது.

பிறகு, தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய
ஒரு மில்காரரின் குரல்:
"பாப்பா, எந்திரிக்காத. கால்ல வயரு கிடக்கு, தடுக்கிரும்.
அப்படியே உக்காரு. நான் இந்தா இருக்கேன்."
கொஞ்சம் கழித்து, இறங்கி,
"இருக்கியா?"
"ம்."

அந்தாளும் பக்கத்தில்தான் நின்றிருக்க வேண்டும்.
சத்தமில்லை.

தாரையில் தண்ணீரை மட்டும் பெரிதாக்கி மூன்று விநாடி வைத்தேன்.
திருப்தியில்லை.
கருப்பைத் தொடவில்லை.

பென் டிரைவ் வாங்கிப் போனவர் மறுநாள் கூப்பிட்டார்.
"நடுவுல படமே வரலியே தம்பி, கேசட்டு பழுதா?"
"இல்லக்கா, கரண்டு போச்சு. டிவி சத்தத்தக் கூட்டி வைங்க."
பின்னால் குக்கர் விசில். ரிமோட்டைத் தேடுகிறார்.
போனை அவர் வைக்கவில்லை, நானும்.
பைக்காராவில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து
தபேலா இரண்டு தட்டு,
அப்புறம் அந்தப் பையன்:
ஃபியூஸ் போயிருச்சுண்ணே.